வார்டு அறைக்குக் கடைசியாக வந்தவர்

பூங்காவின் பேய் வீட்டில் அவளை எல்லோரும் வார்டு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பாழடைந்த ஆஸ்பத்திரி மாதிரி அமைத்திருந்த அறை அவளுடையது. உள்ளே மூன்று இரும்புக் கட்டில்கள். இரண்டில் பொம்மைகள் படுத்திருக்கும், சுவரோரக் கட்டிலில் அவள். கழுத்துவரை போர்த்திய வெள்ளைத் துணி, முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. வருகிறவர்கள் மூன்றும் பொம்மைதான் என்று நம்பி மூச்சு விடும் நேரத்தில் அவள் எழுந்து உட்கார வேண்டும்.

அவள் அங்கே வந்தது தையல்காரியாக. வேலை பார்த்த உடுப்புத் தொழிற்சாலையை இழுத்து மூடியபின், பேய்களுக்கு அங்கி தைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தாள். நல்ல துணியைப் பார்த்துப் பார்த்துத் தைத்து, பிறகு அதையே கிழித்துச் சாயத்தில் முக்கிக் கொடுப்பது அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒருநாள் கட்டிலில் படுக்கிற பெண்ணுக்குக் காய்ச்சல். "சும்மா படுத்து எந்திரிக்கிறதுதானே, இன்னிக்கு நீங்க படுங்க" என்றார் மேனேஜர். அன்று படுத்தவள்தான், பிறகு அந்தக் கட்டில் அவளுக்கே ஆகிவிட்டது.

கணவன் இறந்ததிலிருந்து தம்பி வீட்டில் இருந்தாள். சமையலறையை ஒட்டிய சின்ன அறை. தம்பி மனைவிக்கு வாய் கொஞ்சம் துடுக்கு, மனசு நல்ல மனசு. "அண்ணி, மூஞ்சிய ஒழுங்காக் கழுவிட்டு வாங்க. நேத்து உங்களப் பாத்துட்டு கேஸ்காரர் சிலிண்டர வாசல்லயே போட்டுட்டு ஓடிட்டார்" என்பாள். வார்டு அக்காவும் சிரித்துக்கொண்டே காதோரம் ஒட்டியிருந்த வெள்ளையைத் தேய்த்து எடுப்பாள்.

மற்றப் பேய்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அவள் கத்தமாட்டாள். முன்னால் போகிறவர்களை விட்டுவிடுவாள். கூட்டத்தில் கடைசியாக வருகிறவர் கட்டிலைத் தாண்டும்போது, கட்டில் கிரீச்சிட எழுந்து, "தண்ணி" என்பாள். மெல்லிய குரலில் அந்த ஒரே சொல். பெரிய பெரிய மீசைக்காரர்களெல்லாம் அதற்கு அலறி ஓடியிருக்கிறார்கள்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் கணவன் ஆஸ்பத்திரியில் இதே போன்ற ஓர் இரும்புக் கட்டிலில்தான் கிடந்தான். தண்ணி என்று கேட்டான். மாடியில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கீழே போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள். வருவதற்குள் அவன் போயிருந்தான். முதல் நாள் வேஷம் போட்டுப் படுத்தபோது, என்ன சொல்வது என்று அவள் யோசிக்கவேயில்லை. வாயில் வந்தது அதுதான்.

ஒரு மதிய வேளையில் ஏதோ கம்பெனியிலிருந்து குடும்பங்களோடு ஒரு கூட்டம் வந்தது. இளவட்டங்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு முன்னே போய்விட்டார்கள். பின்னால் வயதான ஒருவர், கையில் தண்ணீர் பாட்டிலோடு, கடைக்கு வந்தவர்போல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தக் கம்பெனியின் டிரைவர் என்று பிறகுதான் தெரிந்தது.

அவள் எழுந்தாள். "தண்ணி."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கை மார்புக்குப் போனது. பிறகு சிரித்துவிட்டார். பாட்டிலை அவளிடம் நீட்டி, "இந்தாம்மா, குடி. பாவம், எவ்ளோ நேரமாப் படுத்திருக்கியோ" என்றார்.

இத்தனை நாளில் அவளுக்கு யாரும் தண்ணீர் கொடுத்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டாள். அவர் அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். வேடிக்கை செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் நெற்றியில் வேர்வை கோர்த்து நிற்பதைக் கண்டதும் கட்டிலுக்கு அடியிலிருந்த அவசர மணியை அழுத்தினாள். அறையில் பளிச்சென்று விளக்குகள் எரிந்தன.

அவர் சாய்ந்தார். அவள் அவரைக் கட்டிலில் கிடத்தித் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் தன் முகம் நினைவுக்கு வந்தது. பொய்முடியைப் பிடுங்கிப் போட்டாள். போர்வையால் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். ஒரு மனுஷன் கடைசியாகப் பார்ப்பது பேய் முகமாக இருக்கக்கூடாது என்று பட்டது.

"வெளக்கப் போட்டுட்டாங்களே. பயமே போச்சு" என்றார் அவர். குரல் உள்ளே போய்விட்டிருந்தது. "எங்க வீட்ல வெளிய பெஞ்சில உக்காந்திருக்கா. இப்பச் சொல்லாத. பதறிடுவா."

"சொல்லலைங்க ஐயா. நீங்க பேசாதீங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் வந்தபோது பிடி தளர்ந்திருந்தது.

மறுநாள் மேனேஜர் அவளைத் தனியே கூப்பிட்டார். "யாரு கேட்டாலும் அந்த ரூம்ல மூணும் பொம்மைதான்னு சொல்லுங்க. நீங்க அங்க இல்ல. புரியுதா?" தம்பியும் அதையே சொன்னான். "அக்கா, வாயத் தொறக்காத. பழிய உன் தலைல கட்டிருவாங்க."

பேய் வீட்டை மறுபடி திறந்தபோது அவள் போய்ப் படுத்தாள். எழுந்து உட்காரவும் முடிந்தது. ஆனால் அந்தச் சொல் வரவில்லை. முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பேயைப் பார்த்துப் பிள்ளைகள் கையாட்டிவிட்டுப் போனார்கள். சில நாள் பொறுத்துப் பார்த்த மேனேஜர், திரும்பவும் தையல் மெஷினுக்கே அனுப்பிவிட்டார்.

அங்கே இருக்கும்போதுதான் அந்த டிரைவரின் மனைவி வந்தாள், வயதான அம்மாள். வேலையாட்கள் போகிற வாசலில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம், "கட்டில்ல படுக்கிறது யாருங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. சாப்பிட வெளியே வந்த வார்டு அக்கா, கேள்வியைக் கேட்டதுமே ஆள் யாரென்று புரிந்துகொண்டாள். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போயிருக்கலாம். இரண்டடி போகவும் செய்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"நான்தாம்மா."

இருவரும் மதிலோர நிழலில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "பயந்துதான் போனாரா?"

"தெரியலம்மா. நான் எந்திரிச்சதும் திடுக்குன்னு ஆச்சு அவருக்கு. அத மறைக்க மாட்டேன். அப்புறம் சிரிச்சார். எனக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தார்."

"உனக்கா?"

"ஆமா. பாவம், படுத்தே கெடக்கியேன்னு."

அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்படித்தான். ரோட்ல போறவனுக்கெல்லாம் குடுப்பார்." பிறகு, "என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"வெளிய இருக்கீங்கன்னு சொன்னார். உங்ககிட்டச் சொல்லிடாதன்னார், பதறிடுவீங்கன்னு."

இப்போது அந்த அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "காலைலயே நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னார். வாயுவா இருக்கும்னு சொல்லி நான்தான் கெளப்பிக் கூட்டிட்டு வந்தேன். ஆசப்பட்டாரேன்னு. எனக்குப் பேய்னா பயம். வெளியவே உக்காந்துட்டேன். கூடப் போயிருந்தா கையயாச்சும் பிடிச்சிருப்பேன்."

"கைய நான் பிடிச்சிருந்தேம்மா" என்றாள் வார்டு அக்கா. "மூஞ்சியத் தொடச்சிட்டுதான் பிடிச்சேன்."

பிறகு, கேட்காமலே, தன் கணவனைப் பற்றிச் சொன்னாள். தண்ணீர் பிடிக்கப் போனதையும், கையில் சொம்போடு வந்து நின்றதையும். அந்த அம்மாள் அழுதுகொண்டே கேட்டாள். முடிந்ததும் முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ இன்னும் சாப்பிடலையே, போ" என்றாள்.

பஸ் நிற்கிற இடம்வரை கூடவே நடந்து அவளை ஏற்றிவிட்டாள் வார்டு அக்கா. மேனேஜர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் தன் அறைக்குப் போகாமல் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அண்ணி, இப்பத்தான் மூஞ்சில வெள்ளை பூசறதில்லையே, ஏன் வெளுத்துப்போய் வந்திருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரர் செத்த அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதுல்ல" என்றாள் அவள்.

தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.