ஒன்பதே முக்காலுக்குக் கேட்ட தமுக்கு

அன்று தவறு தொடங்கியது காலை ஒன்பதே முக்கால் மணிக்கு. மற்றவர்களைக் கேட்டால் மாலை நாலேகால் என்பார்கள். எனக்குத்தான் தெரியும், ஒன்பதே முக்கால். ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வெளியே நாங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தோம். என் சிநேகிதியின் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஒன்பதே முக்கால் ஆயிடுச்சுங்க, கூட்டம் சேர்றதுக்குள்ள உள்ளே போயிடலாமா?" என்றார். அப்போதுதான் இரண்டு தெரு தள்ளித் தமுக்குச் சத்தம் கேட்டது.

"என்னடி அது, டமடமன்னு?" என்று சிநேகிதி கேட்டாள்.

"முனிசிபாலிட்டிக்காரன். குழாயில தண்ணி வராதுன்னு சொல்லிட்டுப் போவான். அடிக்கடி நடக்கறதுதான்."

"சுத்தி ஆத்தை வெச்சுக்கிட்டுக் குழாயில தண்ணி வராதா? நல்ல ஊருடி உன் ஊரு!"

எல்லோரும் சிரித்தோம். தமுக்கு அடித்தவன் கத்தியதில் ஒரு வார்த்தையைக்கூட நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. கேட்காமலே பதில் சொன்னேன். இரண்டு நாளாக அவர்கள் எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. அந்த வேகத்தில் இதற்கும் ஒன்று வந்துவிட்டது.

சிநேகிதியும் நானும் சென்னையில் ஒரே கல்லூரி விடுதியில் இருந்தவர்கள். கல்யாணமாகி அவள் பம்பாய்க்குப் போனாள். நான் இங்கே புத்தூருக்கு வந்து ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஆனேன். பதினாறு வருஷம் கழித்து, ஆடி மாதக் கடைசியில், கணவரோடும் மகளோடும் சனி, ஞாயிறு இரண்டு நாள் என் வீட்டில் தங்க வந்திருந்தாள். அவள் பெண்ணுக்கு ஒன்பது வயது. பல வருஷம் காத்திருந்து பெற்ற ஒரே குழந்தை. என் பெண்ணுக்குப் பத்து. வந்த அன்று காலையிலேயே இரண்டும் ஒட்டிக்கொண்டன. என் கணவர் அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்ததால், ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு முழுக்க என்னுடையது. எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

சனிக்கிழமை காலை மலைக்கோட்டை ஏறினோம். மத்தியானம் சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து முக்கொம்புக்குப் போனோம். காவிரி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். மேலணையின் ஷட்டர்களைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றது. வகுப்பில் சொல்வதைப்போலவே குழந்தைகளுக்குச் சொன்னேன்: "காவிரிக்கு வேண்டியது போக மிச்சம் இருந்தாத்தான் கொள்ளிடத்துக்கு. அதான் இந்தப் பக்கம் எப்பவும் மணலாக் கெடக்கு."

"இந்தக் கதவைத் திறந்தா, ஆன்ட்டி?" என்று சிநேகிதியின் பெண் கேட்டாள்.

"திறந்தா அந்த மணலெல்லாம் முழுகிடும்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தரிசனம் முடிய ஒரு மணி ஆகிவிட்டது. தூக்குச்சட்டியில் புளியோதரையும் தயிர்சாதமும் இருந்தன. வடக்கு வாசல் வழியாக வெளியே வந்து கொள்ளிடக் கரைக்கு நடந்தோம். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் நாங்கள் இப்படித்தான் செய்வோம். குளிக்கக் காவிரி, சாப்பிட்டு உட்காரக் கொள்ளிடத்து மணல். அக்கரை கண்ணுக்கு எட்டாத மாதிரி விரிந்து கிடக்கும் அந்த மணலைப் பார்த்து, "இதுவா ஆறு?" என்று அவர்கள் வாயைப் பிளப்பார்கள். நமக்கு அதில் ஒரு பெருமை.

கரையோர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆற்றின் நடுவில், கொஞ்சம் உயர்ந்த மணல்திட்டில், சலவைக்காரர்கள் துணி உலர்த்தியிருந்தார்கள். வெள்ளை வேட்டிகள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் ஏழெட்டுக் கழுதைகள். பம்பாய்ப் பெண் கழுதையைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லையாம். "போய்ப் பாத்துட்டு வரோம்மா" என்று இரண்டும் நச்சரித்தன.

சிநேகிதி தயங்கினாள். "தண்ணி கிண்ணி வந்துடாதேடி?"

"கண்ணுக்குத் தெரியற தூரம்தானே? இங்க என்னடி தண்ணி? நான் இந்த ஊர்க்காரி, சொல்றேன், அனுப்பு."

அவள் அனுப்பினாள். நான் சொன்னதால் அனுப்பினாள்.

பிறகு அவளுக்கும் அவள் கணவருக்கும் கோபுரங்களைக் காட்டினேன். அது எந்த வாசல், இது எந்தச் சன்னிதி, மரங்களுக்கு மேலே மங்கலாகத் தெரிகிறதே, அதுதான் நேற்று ஏறிய மலைக்கோட்டை. அதற்காக எல்லோரும் தெற்கே திரும்பி உட்கார்ந்திருந்தோம். ஆறு எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் பேச முடிந்தது. எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. திரும்பியபோது அவர் கடிகாரத்தில் நாலேகால்.

முதலில் கண்ணில் பட்டது தண்ணீர் இல்லை. வேட்டிகள் இல்லாததுதான். திட்டு வெறுமையாக இருந்தது. துணி இல்லை, கழுதை இல்லை, ஆள் இல்லை. சாயங்காலமாகிவிட்டது, எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம்தான் எங்களுக்கும் திட்டுக்கும் நடுவே மணலின் நிறம் மாறியிருப்பதைப் பார்த்தேன். பழுப்பாக, சருகும் நுரையுமாக, ஓசையே இல்லாமல் ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது.

சிநேகிதி மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். நானும் என் பெண்ணின் பெயரைக் கத்தினேன். காற்று இரண்டையும் கிழக்கே அள்ளிக்கொண்டு போயிற்று.

அவள் கணவர் செருப்போடு இறங்கினார். முழங்கால், அடுத்த அடியில் தொடை, அதற்கடுத்த அடியில் இடுப்பு. அவர் காலடியில் மணல் கரைவது எனக்குக் கரையிலிருந்தே தெரிந்தது. கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சார், வேணாம் சார்! உள்ள பள்ளம். நீங்க போனா நீங்களும் திரும்ப மாட்டீங்க."

"என் குழந்தை அங்க இருக்குய்யா!"

"சலவைக்காரங்க பக்கத்துலதானே நின்னுச்சுங்க? நானும் பாத்தேன். அவங்க வடகரைக்குப் போயிருப்பாங்க. கூடக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

"நீங்க பாத்தீங்களா, கூட்டிட்டுப் போனதை?" என்று நான் கேட்டேன்.

அவர் ஆற்றைப் பார்த்தார். "பாக்கலைம்மா. நான் குனிஞ்சு அறுத்துக்கிட்டு இருந்தேன்." கொஞ்சம் பொறுத்து, தனக்குள் பேசுவதுபோல, "ஷட்டரைத் திறந்துட்டாங்க. சொல்லிட்டுத்தானே திறந்தாங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் தமுக்குக்காரன் கத்திக்கொண்டு போனது குழாய்த் தண்ணீரைப் பற்றி இல்லை. சிநேகிதி பக்கத்தில்தான் நின்றாள். பெரியவர் சொன்னது அவள் காதில் விழுந்ததா, அதைக் காலையில் கேட்ட சத்தத்தோடு அவள் சேர்த்துப் பார்த்தாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஆற்றைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. என் பெண் ஆற்றில் போய்விட்டாளோ என்று பதறிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இவளுக்குத் தெரிந்துவிடுமோ என்றும் பயந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

வடகரைக்குப் போக வேண்டுமென்றால் கிழக்கே நடந்து இரும்புப் பாலத்தைக் கடக்க வேண்டும். அவள் கணவர் நனைந்த கால்சட்டையோடு அந்தப் பக்கம் ஓடினார். குழந்தைகள் எந்தக் கரையில் ஏறினாலும் ஒருவர் இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.

தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. திட்டு முதலில் பாதியாயிற்று. பிறகு ஒரு பாய் அளவு. பிறகு அதுவும் இல்லை. அது முழுகிய இடத்தில் சிவப்பாக ஒன்று மேலே வந்து, சுழன்று, மறுபடி உள்ளே போயிற்று.

என் பெண் அன்று சிவப்புப் பாவாடை கட்டியிருந்தாள்.

சிநேகிதியும் அதைப் பார்த்தாள். என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "அது துணிடி. வெறும் துணி" என்றாள். எனக்கு அவள் ஆறுதல் சொன்னாள். நான் கரை மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நேற்று அந்தக் குழந்தை கேட்ட கேள்வி காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. திறந்தா, ஆன்ட்டி? திறந்தா?

பெரியவர் எங்களை விட்டுப் போகவில்லை. அறுத்த புல்லைக் கட்டவுமில்லை. "வந்துடுவாங்கம்மா" என்று அவ்வப்போது சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவர் குரல் முன்னைவிடத் தணிந்திருந்தது.

வெயில் தாழ்ந்து ஆறு முழுக்கச் செம்மண் நிறமாகிவிட்டது. முந்தின வாரம் கரும்பலகையில் நான் இரண்டு கோடு போட்டு வரைந்த ஆறு. இன்றுவரை அதை வரையும்போது என் கை ஒரு தடவை நிற்கிறது. தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். அவன் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்கிறேன். என் மகளுக்கு இப்போது அது வேடிக்கை.

அன்று முதலில் கேட்டது கழுதையின் குரல். கிழக்கே, பாலத்துப் பக்கமிருந்து கரையோடு வரும் பாதையில் மூட்டை ஏற்றிய கழுதைகள் வந்தன. பின்னால் இரண்டு ஆண்கள். அவர்களோடு சிநேகிதியின் கணவர், தம் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு. முன்னால் வந்த கழுதையின் மூட்டைமேல் சிவப்புப் பாவாடை தெரிந்தது. என் பெண் இரண்டு கையாலும் மூட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் வயதிருக்கும் ஒரு சலவைக்காரப் பெண்மணி, அவள் காலை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி நடந்து வந்தாள்.

நான் ஓடிப்போய் மகளை இறக்கினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் தலைமயிரில் சவுக்காரமும் மணலும் மணத்தன. சிநேகிதி தன் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அழுகை வராமல், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்மணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"துணியைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பறதுக்குள்ள தண்ணி வந்துடுச்சுங்க. நாங்க கூப்பிட்டுப் பாத்தோங்க. கை வீசினோம். நீங்க எல்லாரும் அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்திருந்தீங்க. காத்துல கேக்கல. இந்தப் பக்கத்து வாய்க்கால்ல தண்ணி முந்திடுச்சு. சரி, பிள்ளைங்கதான் முக்கியம்னு ஆளுக்கொண்ணாத் தூக்கிட்டு வடகரைக்கு ஓடிட்டோம். அவசரத்துல ஒரு சேப்புச் சேலை போயிடுச்சு, போவுது."

நான் கும்பிட்டேன். அவள் என் கையைத் தட்டி இறக்கிவிட்டாள். பிறகு என்னையும், மடியில் குழந்தையோடு நிமிர்ந்து பார்த்த என் சிநேகிதியையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஏம்மா, மத்தியானத்துக்கு மேல ஆத்துல தண்ணி வரும், யாரும் இறங்காதீங்கன்னு காலையிலேயே தெருத்தெருவாத் தமுக்கு போட்டாங்களே. நீங்க எல்லாருமே வெளியூருங்களா?"