ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டில் இல்லாத சுரங்கம்

செய்தி வந்தபோது நான் செகந்திராபாத் ராணிகஞ்ச்சில் என் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு மோட்டாரின் அருமை பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருடமாகப் பம்பு செட்டு விற்கிறேன். நான் விற்ற மோட்டார்கள் இறைத்த தண்ணீரைச் சேர்த்தால் உசேன் சாகரை மூன்று முறை நிரப்பலாம். போன் அடித்தது. அல்வாலிலிருந்து வசந்தி, ஏகாம்பரம் அண்ணனின் ஒரே மகள்.

"அங்கிள், அப்பா போயிட்டாரு. காலைல காபி குடிச்சாரு, பேப்பர் கேட்டாரு. எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

"எந்தப் பேப்பர்ம்மா?" என்று கேட்டேன். ஒரு மனிதன் இப்படியும் கேட்பானா? நான் கேட்டேன். வாய் அதன்பாட்டுக்கு ஓடுகிற வாய்.

மத்தியானத்துக்குள் நம் தமிழ்ச் சங்க வாசலில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். 'வரலாற்று அறிஞர் ஏகாம்பரம் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.' செயலாளர் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, மலருக்கு நீங்கதான் எழுதணும். கொஞ்சம் மசாலா தூக்கலா போட்டுடுங்க, படிக்கறவங்களுக்கு அழுகை வரணும்." வரலாற்று அறிஞராம். உயிரோடு இருந்தவரை இதே சங்கத்தில் அவருக்கு என்ன பெயர்? 'டனல் ஏகாம்பரம்.' பொங்கல் விழாவில் அவர் உள்ளே நுழைந்தால், "வாங்க டனல், சுரங்கத்து வழியா வந்தீங்களா?" என்று கேட்டுச் சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இதைப் படித்துக்கொண்டிருக்கிற உங்களுக்கும் தெரியும். கூடச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அவர் அறிஞர் இல்லை. அரசு பஸ் கண்டக்டர். செகந்திராபாத் ஸ்டேஷனில் புறப்பட்டு, பாரடைஸில் திரும்பி, எம்.ஜி. ரோடு முழுக்க ஊர்ந்து, ராணிகஞ்ச் தாண்டி, டேங்க் பண்ட் ஏரிக்கரை மேல் காற்று வாங்கிக்கொண்டு அப்சல்கஞ்ச் போகிற வண்டி. இருபத்தெட்டு வருடம் அந்த ஒரே தடம். எம்.ஜி. ரோட்டை அவர் ஒருநாளும் எம்.ஜி. ரோடு என்று கூவியதில்லை, பழைய பெயர்தான். "ஜேம்ஸ் ஸ்ட்ரீட்! ஜேம்ஸ் ஸ்ட்ரீட் உத்ரோ, திகண்டி, இறங்கு!" மூன்று பாஷையில், ஒரே மூச்சில். அந்தக் குரலைக் கேட்டு எதிரே வரும் லாரி பிரேக் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை வண்டியில் ஒரு வடநாட்டுக்காரர், "யார் அந்த ஜேம்ஸ்?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நானாக இருந்தால் ஜேம்ஸின் பேரன் என் கடையில் அரை எச்.பி. மோட்டார் வாங்கிய கதையைச் சொல்லியிருப்பேன். ஏகாம்பரம் அண்ணன் டிக்கெட்டைக் கிழித்தபடி, "வெள்ளைக்காரன்னு சொல்றாங்க. எந்த வெள்ளைக்காரன்னு நாலு பேர் நாலு விதமா சொல்றாங்க. நான் பார்க்கலை சாப்" என்றார். அதுதான் அவர். கேட்டதாக இருந்தால் 'சொல்றாங்க' என்று ஒட்டு வைக்காமல் விடமாட்டார். பார்த்ததாக இருந்தால் மட்டும், "பார்த்தேன்" என்பார். அப்புறம் நீங்கள் தலைகீழாக நின்றாலும் மாற்றிச் சொல்லமாட்டார்.

பார்த்தது கொஞ்சமா? எந்த பஸ் ஸ்டாப் எத்தனை முறை இடம் மாறியது, எந்தக் கட்டடத்தின் படிக்கட்டு முதலில் நடைபாதைக்கும் பிறகு தார் ரோட்டுக்கும் வந்தது, போலீஸ் ஸ்டேஷன் கடிகாரம் எந்த முகத்தில் எவ்வளவு நாள் நின்றுபோயிருந்தது, எல்லாம் மனப்பாடம். லீவு நாளில் மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள்; அவர் அதே தெருவில் நடந்துபோவார். "இன்னாண்ணே, டூட்டி இல்லாத அன்னிக்கும் இதே ரோடா?" என்றால், "வண்டியில போகும்போது ஒரு பக்கம்தான் பார்க்க முடியுது ரத்தினம்" என்பார். "பார்த்ததைச் சொல்றதுக்கே ஆயுசு போதலை, பார்க்காததை எதுக்குச் சொல்லணும்?" என்பதும் அவர் சொன்னதுதான். அது எனக்குச் சொன்னது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டின் கதையை எழுதித் தரும்படி அவரைக் கேட்டார்கள். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. நான் படித்தது ஒன்பதாவதுதான், ஆனால் என் தமிழைப் பார்த்து இரண்டு எம்.ஏ.க்கள் வேலையை விட்டதாகக் கேள்வி. ஆகவே அவர் சொல்ல, நான் எழுதுவது என்று ஏற்பாடு. பதினோரு மத்தியானம் என் கடையில் உட்கார்ந்து, பாரடைஸ் முனையிலிருந்து ராணிகஞ்ச் வரை கடை கடையாக, சாக்கடை சாக்கடையாகச் சொல்லிமுடித்தார்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரே சப்பென்று இருந்தது. இங்கே திருப்பம், அங்கே கால்வாய், அதற்கப்புறம் ஒரு சொல்றாங்க. இதை யார் படிப்பார்கள்? அண்ணன் பெயர் நாலு பேர் வாயில் வரவேண்டும் என்ற ஆசையில் 'சொல்றாங்க'வை எல்லாம் எடுத்தேன். ஒரு நவாபின் யானையை வழுக்கி விழவைத்தேன். கடைசியில், போலீஸ் ஸ்டேஷன் கடிகாரத்துக்கு அடியிலிருந்து ஏரிக்கரை வரை ஒரு சுரங்கம் தோண்டினேன். 'நானே சிறுவயதில் அதனுள் தீவட்டியோடு இறங்கி முந்நூறு அடி நடந்தேன்' என்று அவர் சொல்வதுபோல எழுதி, கீழே அவர் பெயரைப் போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

மலர் வந்ததும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பேத்தியை விட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"ரத்தினம், சுரங்கத்துல யாரு இறங்கினது?"

"நீங்கதாண்ணே."

"எப்போ?"

"சின்ன வயசுல."

"நக்கோப்பா, வேணாம். நான் கிணத்துலயே இறங்கினதில்லை."

நான் சிரித்தேன். அவரும் பாதி சிரித்தார். "அடுத்த மலர்ல அது தப்புன்னு ஒரு வரி போட்டுடு" என்றார். சரி என்றேன். அடுத்த மலரும் வந்தது, நான்தான் அதற்கு ஆசிரியர், எனக்குச் சால்வை எல்லாம் போர்த்தினார்கள். அந்த ஒரு வரியை நான் போடவில்லை. சுரங்கத்தை எல்லோரும் ரசித்துக்கொண்டிருந்தார்கள். ரசிப்பதை எதற்குக் கெடுப்பது என்று இருந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் மாநகராட்சி ஆட்கள் வந்து அவர் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். தெருவை அகலப்படுத்துகிறார்களாம். ராணிகஞ்ச் பக்கம், அவர் அப்பா காலத்து வீடு. முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சின்ன அறை, கடைசியில் சமையல். முன்புறம் பதினோரு அடி போகிறது என்றார்கள். பதினோரு அடி போனால் மிச்சம் ஒரு சமையலறையும் ஒரு குழாயும்தான்.

எதிர்ப்பக்கத்து ஜவுளிக்கடைச் சுவரில் கோடே இல்லை. ஏகாம்பரம் அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. அந்தக் கடை முன்பு ஒன்பது அடி உள்ளே இருந்தது, பஸ் ஸ்டாப்பில் நின்ற வேப்பமரத்தையே விழுங்கிக்கொண்டு முன்னால் வந்தது, தினமும் பஸ் படிக்கட்டில் நின்றபடி அதைப் பார்த்தவர் அவர். தெருவின் பழைய விளிம்பை வைத்து அளந்தால் இரண்டு பக்கமும் பாதிப் பாதி போகும், அவர் வீட்டில் ஓர் அறை தப்பும். "அஞ்சரை அடி நானும் தர்றேன் ரத்தினம், ரோடு எல்லாருக்கும்தானே. அவனும் தரட்டும்" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஆட்சேபம் சொல்ல ஒரு கூட்டம் வைத்தார்கள். சாட்சிக்குக் காகிதம் ஏதும் இல்லை, அவர் கண்தான் சாட்சி. நான் துணைக்குப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து தெலுங்கில், நிதானமாக, வேப்பமரம் எங்கே, ஸ்டாப் எங்கே, கடைப்படி எங்கே என்று சொன்னார். அதிகாரி எழுதிக்கொள்ளவும் ஆரம்பித்தார். அப்போது ஜவுளிக்கடைக்காரரின் ஆள் எழுந்து, நம் மலரை மேஜைமேல் வைத்தான். சுரங்கப் பக்கத்தைத் தெலுங்கில் பெயர்த்து டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தான். நம் சங்கத்து ஆள் யாரோ கொடுத்திருக்கிறான். யார் என்று நான் கேட்கவில்லை.

அதிகாரி படித்தார். உதட்டோரம் சிரிப்பு வந்தது. "பெத்தாயனா, பெரியவரே, முந்நூறு அடி நடந்தீங்களா? தீவட்டியோடவா? ஸ்டேஷனைக் கட்டினவங்களுக்கே தெரியாத சுரங்கமாச்சே!" கூடமே சிரித்தது. "அதையும் பார்த்தீங்க, வேப்பமரத்தையும் பார்த்தீங்க. எதை நான் எழுதிக்கறது?"

ஏகாம்பரம் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்து, "ஐயா, அதை எழுதியவன் நான், அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லியிருக்கவேண்டும். நாலு பாஷை பேசுகிற நாக்கு. ராணிகஞ்ச்சில் துருப்பிடித்த மோட்டாரைப் புதுசு என்று நம்பவைத்த நாக்கு. ஒரே ஓர் உண்மை வாக்கியம் அதற்கு வரவில்லை. போர்த்திய சால்வையும், சங்கத்து ஆட்கள் சிரிக்கப்போவதும் நினைவுக்கு வந்தன. குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

அவர் மேஜைப் பக்கம் திரும்பினார். பிறகு, "என் பேருல இருக்குங்க சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதிகாரி பேனாவை மூடினார்.

வெளியே வந்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "வா, சாய் குடிக்கலாம்" என்றார். இரானி ஓட்டலில் உட்கார்ந்தோம். தாங்காமல் நானே கேட்டேன். "ஏண்ணே என் பேரைச் சொல்லலை?"

"நீயே எழுந்திருப்பேன்னு பார்த்தேன்."

சாசரில் ஊற்றி ஆற்றினார்.

"எழுந்திருக்கலை. சரி, விடு."

முன்புறம் போனது. மிச்சத்தில் குடியிருக்க முடியாமல் அல்வாலுக்கு, மகள் வீட்டுக்குப் போனார். இடித்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ஜவுளிக்கடைக்கு வருகிறவர்களின் ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. தெரு ஓர் அங்குலம்கூட அகலமாகவில்லை. அல்வாலுக்கு நான் போனது ஆறு வருடத்தில் மூன்றே முறை. மூன்று முறையும் அவர் கேட்டது ஒன்றுதான்: "எதிர்க்கடை இன்னும் முன்னால வந்திருக்கா?" கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விவரம் தெரிந்துகொள்ளக் கேட்டார்.

செயலாளர் கேட்ட மசாலா என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. இந்த ஒரு பக்கத்துக்கு அது வேண்டாம். ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டில் சுரங்கம் கிடையாது. எழுதியவன் ரத்தினவேலு. கடை ஒன்பது அடி முன்னால் வந்ததை நான் பார்க்கவில்லை, பார்த்தவர் போய்விட்டார். அவர் எனக்கு விட்டுப்போனது அன்றைக்கு நான் எழுந்திருக்காத அந்த நாற்காலி. எங்கே போய் உட்கார்ந்தாலும் எனக்கு அதில்தான் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது.

அந்தப் பொன்விழா மலர் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தயவுசெய்து எடுங்கள். பதினேழாம் பக்கம். அடியில் இருக்கும் ஏகாம்பரம் என்ற பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.