அசையாமல் உட்காரத் தெரியாத அப்பா

அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஓர் ஆணின் முகம். மூக்கு நுனியின் நுண்துளைகள்கூட விழுந்திருந்தன. மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நின்றது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதை வரைந்திருக்கிறாள் என்றால், நான் வேலையை விட்டுவிட்டு அவளிடம் கற்றுக்கொள்ளப் போகலாம். பிறகு வழக்கம்போலக் கன்னத்து நிழலில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். விரலில் துளி கரி ஒட்டவில்லை. புகைப்படத்தைப் பென்சில் ஓவியம்போல மாற்றும் ஏதோ மென்பொருளில் போட்டு, டிராயிங் ஷீட்டிலேயே பிரிண்ட் எடுத்திருந்தார்கள். மூலையில் இருந்த பெயரும் வகுப்பும் மட்டும்தான் நிஜப் பென்சில்.

ஹைதராபாத்தின் குகட்பள்ளியில் ஹவுசிங் போர்டு காலனிக்குப் பின்னால் இருந்த பள்ளி அது. நான் அங்கே ஓவிய ஆசிரியை. என் அப்பா பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் பிறந்து வளர்ந்தது அதே ஊரில் மாரெட்பள்ளி. ஹைடெக் சிட்டியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் வகுப்புகளில் தமிழ்ப் பிள்ளைகள் திடீரென்று கூடினார்கள். அந்த வருடம் எட்டாம் வகுப்புக்கு நான் கொடுத்த வேலை மிகச் சாதாரணமானது. வீட்டில் ஒருவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்து, நேரில் பார்த்து, உள்ளது உள்ளபடி வரைந்து வரவேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் அம்மாவை வரைந்து வந்தார்கள். இந்தப் பெண் மட்டும் அப்பாவைத்தான் வரைவேன் என்றிருக்கிறாள். அங்கே ஆரம்பித்தது எனக்குத் தலைவலி.

கூப்பிட்டு அனுப்பியதும் அவள் அப்பா மறுநாளே வந்துவிட்டார். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். காதில் புளூடூத் மாட்டியிருந்தார். எப்போது என்னிடம் பேசுகிறார், எப்போது காதோடு பேசுகிறார் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அவரிடம் கோபப்படவும் முடியாது. அத்தனை மரியாதை. "தப்பு என்னங்க மேடம்? மொகம் அப்படியே வந்துருக்குதுங்கல்ல? பாப்பா உக்காரச் சொல்லிக் கேட்டாதானுங்க. ராத்திரி பூரா அமெரிக்காக்காரங்களோட பேச்சு, பகல்ல ஆபீஸு. ஒரு மணி நேரத்துக்கு நான் எங்கீங்க போறது?" என்றார். வரையச் சொன்னது உங்களையல்ல, உங்கள் மகளை என்றேன். மகள் பக்கத்தில் நின்று செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கென்னங்க, வேற வழி பண்ணிரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அந்த வேற வழி வந்தது. தன் புகைப்படத்தின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, வெள்ளைத் தாளிலும் அதேபோலக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து நிரப்பும்படி மகளிடம் கொடுத்திருந்தார். அவளும் வீட்டுப்பாடக் கணக்குப் போடுவதுபோலப் போட்டு முடித்திருந்தாள். இரண்டு கண்ணும் இருந்தன, வாய் இருந்தது, ஆனால் அந்த முகத்தில் ஆள் இல்லை. திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தார். "ஒவ்வொரு கட்டமும் சரியா இருக்குதுங்களே மேடம். அப்புறம் மொத்தம் மட்டும் எப்படீங்க தப்பாகும்?" என்று கேட்டார். கிண்டலில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. வேண்டுமானால் வீடியோ எடுத்துத் தரட்டுமா, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரையலாமே என்று அவர் தொடங்கியபோது, "நக்கோ சார், நக்கோ!" என்று கத்தியே விட்டேன். அவருக்கு அந்த வார்த்தை புரியவில்லை. மகளைப் பார்த்தார். "வேணாமாம்" என்று அவள் தமிழாக்கினாள். சனிக்கிழமை ஓவிய வகுப்புக்கு நீங்களே வந்து உட்காருங்கள், வகுப்பு முழுவதும் உங்களை வரையட்டும் என்று நான் சொன்னது அந்த ஆத்திரத்தில்தான்.

வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். விடிய விடிய ஆபீஸில் இருந்துவிட்டு அப்படியே வந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது, முகத்தில் இரண்டு நாள் தாடி. மேசைமேல் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அசையாமல் இருங்கள் என்ற பிறகுதான் ஒரு மனிதன் எத்தனை விதமாக அசையமுடியும் என்று எனக்குத் தெரிந்தது. போன் அடித்தது, எடுத்தார். முன்வரிசைப் பையனின் தாளை எட்டிப் பார்த்து, "தம்பி, காது அவ்வளவு பெருசில்லப்பா" என்றார். என்னிடம், இன்னும் எத்தனை பர்சென்ட் பாக்கி என்று விசாரித்தார். நான் போனையும் புளூடூத்தையும் வாங்கி என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சற்றுநேரம் தவித்தார். பிறகு தலை சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. தூங்கிவிட்டார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அதட்டி, வரையுங்கள் என்றேன். அன்று காலையில் முதன்முறையாக மாடல் அசையாமல் இருந்தார். அவர் மகள் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனாள். வெகுநேரம் வரையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் போனதும், "மேடம், அப்பாக்கு இவ்ளோ வைட் ஹேர் இருக்கா? ஐ டிட்ன்ட் நோ" என்றாள் மெதுவாக. அவள் எழுந்திருக்கும் நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பாராம், கதவு சாத்தியிருக்குமாம். பிறகு வரையத் தொடங்கினாள். கண்ணுக்குக் கீழிருந்த பைகள், தாடியில் வெள்ளை, பித்தான் மாற்றிப் போட்ட சட்டை, எதையும் விடவில்லை. மூக்கு கொஞ்சம் கோணிவிட்டது. ஆனால் யார் பார்த்தாலும் அது அவர்தான்.

விழித்ததும் நேராக மகளின் படத்தருகேதான் வந்தார். மூக்கு தாளில் படுமளவுக்குக் குனிந்து பார்த்தார். எனக்கே கொஞ்சம் மனம் இளகியது. அப்போது என் பக்கம் திரும்பி, "நல்லாருக்குதுங்க மேடம். நீங்க ரப்பர் வெச்சுக் கொஞ்சம் ஷேவ் மட்டும் பண்ணி விட்ருங்களேன்" என்றார். மகள் படத்தை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள். "நோ அப்பா. இது என்னுது."

ஆண்டுவிழாக் கண்காட்சி வரைக்கும் அவர் விடவில்லை. அந்தப் பிரிண்டையே மாட்டக்கூடாதா என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். நான் மகள் வரைந்ததைத்தான் மாட்டினேன். விழாவன்று அவர் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வந்தவர்களிடமெல்லாம், "அன்னிக்கு ஆபீஸ்ல இருந்து நேரா வந்துட்டேனுங்க, எப்பவும் இப்படி இருக்கமாட்டேன்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "எப்பவும் இப்படித்தாங்க இருக்கறீங்க" என்றார்.

அத்தோடு தொலைந்தது என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றார். மழமழவென்று சவரம், இஸ்திரி போட்ட சட்டை. போனை அணைத்து என்னிடம் நீட்டினார். "இன்னொருக்கா உக்காரட்டுமுங்களா மேடம்?" இந்த மாதம் காய்கறி சார், எல்லோரும் கத்தரிக்காய் வரைகிறார்கள் என்றேன். "பரவால்லீங்க, நான் ஓரமா உக்காந்துக்கறேன்" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கத்துவதற்கு நான் வாயெடுப்பதற்குள், அவர் மகள் ஸ்டூலை அவர் பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

தூங்கிவிடக்கூடாது என்று கண்ணை அகல விரித்துக்கொண்டு மகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. "அப்பா, அட்லா சூடகு" என்றாள் தெலுங்கில். அப்படிப் பார்க்காதே என்கிறாள் என்று நான் சொல்லவேண்டியிருந்தது. "வேற எங்க கண்ணு பாக்கறது? நீ வரை" என்றார். வகுப்பு முடியும்வரை அவர் தலை திரும்பவில்லை. மணி அடித்தபோது அவள் ஒரு கண்ணையும் பாதி மூக்கையும்தான் முடித்திருந்தாள். அவர் எழுந்து வந்து என்னிடம் போனை வாங்கினார். வாங்கி, அணைந்தது அணைந்தபடியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "பாதிதாங்க ஆயிருக்குது. அடுத்த சனிக்கிழமையும் வரட்டுமுங்களா?"

அவர் மகளுக்கு அன்று கத்தரிக்காய்ப் பாடம் நடக்கவே இல்லை, அடுத்த வாரமும் நடக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்க சார்" என்றேன்.