நூற்றைம்பதோடு நின்றிருக்கலாம்

கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வந்துவிட்டால் இன்றும் என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஓர் ஓவருக்கு ஆறு பந்து என்பதற்கு மேல் அந்த விளையாட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் எழுந்து குசினிக்குள் போய்விடுவேன். பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அரிசிக்கும் எண்ணெய்க்கும் இலங்கையே வரிசையில் நின்ற அந்த வருடம், பெரியகல்லாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழத் தொடங்கியதும், மத்தியானச் சோறு போடுவதென்று ஆசிரியர்கள் முடிவெடுத்தோம். சீக்கிரமே கை வெறுமையாகிவிட்டது. அப்போதுதான் எங்கள் விளையாட்டு ஆசிரியர், "சோத்துக்குக் கேட்டா யோசிப்பாங்க டீச்சர், கிரிக்கெட்டுக்குக் கேட்டா தருவாங்க" என்று ஒரு போட்டியைக் கிளப்பினார். வரப்போகும் ஆட்டத்தில் இலங்கை எத்தனை ஓட்டம் எடுக்கும் என்று சொல்ல வேண்டும். சீட்டு நூறு ரூபாய். சேரும் பணம் பிள்ளைகளின் சோற்றுக்கு. சரியாகச் சொன்னவருக்குக் கிரானில் நிறைய வயல் வைத்திருந்த ஒரு போடியார் தந்த அரிசி மூட்டை. காத்தான்குடிக் கடைக்காரர் ஒருவர், "பந்தயம் நம்மட மார்க்கத்துல கூடாது, காசைப் பிடிங்க" என்று சீட்டு வாங்காமலே கொடுத்துவிட்டுப் போனார்.

கடைசி நாளில் ஒரு தாய் வந்தாள். அவளுடைய பிள்ளைகள் இருவரும் எங்களிடம் சாப்பிடுகிறவர்கள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் கணவனின் படகு கரையில் கிடந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாயை விளையாட்டு ஆசிரியரிடம் நீட்டினாள்.

"நூத்தம்பது எண்டு போடுங்க சேர். அந்த அரிசி எனக்கு வேணும்."

"வேணாம் தங்கச்சி, காசை வெச்சிருங்க."

"ஏன் சேர், மத்தாக்கள் எல்லாம் வாங்குறாங்கதானே."

அவர் சீட்டில் நூற்றைம்பது என்று எழுதிக் கொடுத்தார். இல்லாதவர்களும் சீட்டு வாங்குவார்கள் என்று நாங்கள் யாருமே நினைத்திருக்கவில்லை. அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஆட்டத்தன்று பள்ளி மண்டபத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. கடைசி ஓவரில் இலங்கை நூற்றைம்பதைத் தொட்டது. இன்னும் மூன்று பந்து. எல்லோரும் "அடி, அடி" என்று கத்த, நானும் விளையாட்டு ஆசிரியரும் மட்டும் அடிக்கக் கூடாதென்று மாமாங்கேஸ்வரரை வேண்டிக்கொண்டு நின்றோம். இரண்டு பந்துகளில் ஓட்டம் இல்லை. கடைசிப் பந்தில் ஆறு ஓட்டம். கூரை அதிர்ந்தது. நூற்றைம்பத்தாறு என்று சொல்லி வென்ற வங்கி அதிகாரி ஒருவர் மூட்டையைப் பிள்ளைகளுக்கே கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டிவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் அவளுடைய பிள்ளைகள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாவிக்குப் போய்த் திரும்பாத தாய்மாரைப் பற்றிய கதைகள் அந்த வருடம் காதில் விழுந்துகொண்டே இருந்தன. விளையாட்டு ஆசிரியர் சைக்கிளை எடுத்தார். நானும் பின்னால் போனேன். வாவிக்கரையில் அவளுடைய வீடு சாத்திக் கிடந்தது. கூப்பிட்டோம். சத்தமே இல்லை. அவர் கதவைத் தட்டினார். தண்ணீர்ப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

கொஞ்ச நேரத்தில் வீட்டின் பின்னாலிருந்து, கையில் ஒரு பிடி கீரையோடு வந்தாள். பின்னால் பிள்ளைகள் இருவரும்.

"புள்ளைகளை ஏன் அனுப்பல்ல?" என்று அவர் கேட்டார். ஏறக்குறையக் கோபமாகவே கேட்டார்.

அவள் கீரையிலிருந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டாள்.

"பந்தயத்துல தோத்தாக்கள்ர புள்ளைகளுக்கும் சோறு இரிக்கா சேர்?"