வழுவழுவென்று கடைந்த குண்டுகள்

எனக்கு எண்பத்து நான்கு வயது நடக்கிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. கொழுந்தனார் காலமான பிறகு அவர் பிள்ளைகள் மூன்று பேரும் என் கையால் சோறு தின்றுதான் வளர்ந்தார்கள். வீட்டுக்காரரையும் சேர்த்தால் எட்டு. அந்த எட்டாவதுதான் மற்ற ஏழையும் விட என் உயிரை வாங்கியது. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வந்தால் போதும், அவசரம் ஒன்றுமில்லை.

சூலூர் ரோட்டில் எங்களுக்கு ஒரு கடைசல் பட்டறை இருந்தது. நான்கு லேத்து, எட்டு ஆட்கள். கிணற்றுப் பம்புக்கு வேண்டிய தண்டு, புஷ் எல்லாம் கடைந்து கொடுத்தோம். வீட்டுக்காரருக்கு இருந்தது ஒரே ஒரு பெருமை. அவர் பட்டறையிலிருந்து போகிற சாமான் வழுவழுவென்று இருக்க வேண்டும். கடைந்து முடித்த தண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். துளி சொரசொரப்பு தட்டினாலும் அது மறுபடி லேத்தில் ஏறும். கல்யாணமான புதிதில் என் கன்னத்தைக்கூட அவர் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

சீனாக்காரன் சண்டை முடிந்த அடுத்த வருசம், பட்டாளத்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் கோயமுத்தூர்ப் பட்டறைகளை எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் பட்டறைக்கும் வந்தார். பழகுவதற்காகச் சுடுகிற பீரங்கிக் குண்டு வேண்டுமாம். உள்ளே மருந்து கிடையாது, வெறும் இரும்புக் கூடு. எடையும், குண்டின் சுற்றளவும், இடுப்பில் போடுகிற செம்பு வளையத்தின் இடமும் அவர்கள் சொல்கிறபடி. மற்ற உருவத்தைப் பட்டறைக்குத் தோதாக நீங்களே வரைந்து பன்னிரண்டு செய்து காட்டுங்கள், சுட்டுப் பார்த்து நன்றாக இருந்தால் தொடர்ந்து வாங்கிக்கொள்கிறோம் என்றார். மாதிரிக்கு ஒரு குண்டும், அதில் மாட்டாமல் தனியாக ஒரு செம்பு வளையமும் வைத்துவிட்டுப் போனார்.

அன்றோடு போயிற்று எங்கள் வீட்டு நிம்மதி. பிள்ளைகளின் சிலேட்டில் குண்டு, வந்த கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் குண்டு, மாவு டப்பா மூடியில் சாக்கட்டியால் ஒரு குண்டு. பம்புக்குத் தண்டு கேட்டு வந்த தோட்டக்காரர்களிடம், "நாடு கேக்குதுங்க, உங்க கெணறு ரெண்டு மாசம் பொறுக்காதுங்களா?" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். வெள்ளாமை காய்கிறது என்று அவர்கள் என் வாசலில் வந்து நின்றார்கள். நான் மோர் கொடுத்து அனுப்பினேன். வேறு என்ன செய்ய?

ஒரு நாள் வாழைப்பூவை ஆய்வதற்காக எடுத்து வைத்திருந்தேன். வந்தவர் அதைத் தூக்கிக்கொண்டார்.

"இங்க பாரு அம்மிணி. குண்டுங்கறது இதாட்டத்தான்."

"அது பொரியலுக்குங்க. கீழ வைங்க."

அவர் எங்கே வைத்தார்? புழக்கடையில் நின்று அதை வெறுமனே வீசினார். அது ஆகாயத்தில் தலைகீழாகப் புரண்டு கோழிக் கூண்டின் மேல் விழுந்தது. போய் எடுத்துவந்து, இந்தத் தடவை உள்ளங்கையால் ஒரு முறுக்கு முறுக்கி வீசினார். அது சுழன்றுகொண்டே மூக்கு முன்னாலிருக்க நேராகப் போய்ச் சுவரில் அடித்து இதழ் இதழாகச் சிதறியது. அன்றைக்கு ரசத்தோடு சரி.

அவர் சொன்னதை எனக்கு விளங்கின மட்டும் சொல்கிறேன். பீரங்கிக் குழாயின் உள்பக்கம் சமமாக இருக்காது. திருகாணிக்கு மரை இருப்பதுபோல உள்ளே வரிவரியாக முறுக்கிக்கொண்டு போகும். குண்டின் இடுப்பில் சுற்றிலும் பள்ளமாக ஒரு காடி வெட்டி, அதில் செம்பு வளையத்தை வைத்து நெருக்கி அமுக்கியிருப்பார்கள். செம்பு இரும்பைவிட மெதுவானது. சுடும்போது அந்த வரிகள் செம்பைக் கடித்துப் பிடித்துத் திருப்பும். வளையம் திரும்பினால் அதோடு குண்டும் சுழலும். சுழல்கிற குண்டு நேராகப் போகும். சுழலாத குண்டு குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு எங்கேயோ போய் விழும்.

எல்லாவற்றையும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்துவைத்திருந்த மனுசன் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அதிகாரி கொடுத்த மாதிரிக் குண்டில், செம்பு வளையம் உட்கார வேண்டிய காடிக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சொரசொரவென்று இருந்தது. இவர் அதில் நகத்தை ஓட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"அரிசி புடைக்கற பனமுறமாட்ட இருக்குது. இதையுங் கொண்டாந்து மாதிரின்னு குடுத்திருக்கறாங்க."

கடைசல் மேஸ்திரி வயதானவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எதையும் மெதுவாகத்தான் சொல்வார். "மொதலாளி, அது வேணும்னே போட்டதாட்ட இருக்குதுங்களே," என்றார்.

"வேணும்னு எவனாச்சும் சாமானத்தக் கெடுப்பானா? அவசரத்துல பண்ணுனது. நம்ம பட்டறையிலிருந்து இப்பிடி ஒண்ணு போச்சுன்னா பீளமேட்டுப் பட்டறைக்காரன் சிரிப்பான்."

அவ்வளவுதான். பன்னிரண்டு குண்டின் காடியையும் கண்ணாடி மாதிரி கடைந்து மெருகு போட்டார்கள். மூக்கை மட்டும் கோயில் கலசம் போல அவரே வரைந்து நீட்டினார். அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். தெருவில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, வைக்கோல் சுற்றி, அவரும் மேஸ்திரியும் ரயிலேறிப் போனார்கள்.

எட்டாம் நாள் திரும்பி வந்தார். கையில் ஒரு பெரிய அட்டை. சுடுகிற மைதானத்தில் குண்டு போகிற வழியில் அந்த மாதிரி அட்டைகளைக் கட்டி வைப்பார்களாம். குண்டு நேராகப் போனால் வட்டமாக ஓட்டை விழும். இவர் கொண்டுவந்த அட்டையில் ஓட்டை வெள்ளரிக்காயைப் படுக்கவைத்தது மாதிரி நீளமாக இருந்தது. குண்டு பக்கவாட்டில் போயிருக்கிறது. பன்னிரண்டில் ஒன்பது அப்படி. இன்னொரு பன்னிரண்டு செய்து கொண்டுவாருங்கள், அதுவும் கவிழ்ந்தால் இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மண் மேட்டிலிருந்து தோண்டியெடுத்த ஒரு குண்டையும் கூடவே கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிடுகிற இடத்தில் இலைக்கு எதிரே வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டு சாப்பிட்டார். ஒரு நாள் இல்லை, ஒரு மாதம். விருந்தாளி வந்தால் நான் அதன்மேல் துண்டைப் போட்டு மூடுவேன்.

தோட்டக்காரர்கள் பாதிப் பேர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். ஊரெல்லாம் காட்டியிருந்ததால் டீக்கடைப் பக்கம் இவர் தலை காட்டவில்லை. இரண்டாவது தடவையும் தவறினால் பட்டாளமும் இல்லை, பம்பும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் காரணம் மட்டும் தினம் ஒன்றாக மாறியது. திங்கட்கிழமை மூக்கு நீளம் அதிகம். புதன்கிழமை செம்பில் கலப்படம். வெள்ளிக்கிழமை கவர்மெண்டு பீரங்கியே தேய்ந்துபோனது. செம்புதான் குற்றம் என்று முடிவு செய்த வாரத்தில் சீரில் வந்த என் செம்பு அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் அதில் தண்ணீரை ரொப்பி வைத்து, காலியாகவே விடவில்லை.

ஒரு மத்தியானம் அவர் பட்டறைக்குப் போன பிறகு எச்சில் இலையை எடுக்கும்போது அந்தக் குண்டை ஓரமாக நகர்த்தினேன். வளையம் கையோடு சுற்றியது. இன்னொரு தடவை திருகிப் பார்த்தேன். கை வளையல் மாதிரி சுற்றுகிறது. வெளிப்பக்கம் பார்த்தால் பீரங்கி வரியின் பல் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆக, வளையம் திரும்பியிருக்கிறது. குண்டுதான் அதோடு திரும்பவில்லை.

என்னைப் பெற்ற அய்யன் அவினாசிப் பக்கம் பஞ்சு ஜின் வைத்திருந்தார். பருத்தியிலிருந்து பஞ்சை இழுக்கத் தோல் சுற்றிய உருளை ஓடும். ஓடி ஓடித் தோல் வழுவழுப்பானால் பஞ்சை இழுக்காது, உருளை சும்மா சுற்றும். வாரம் ஒரு முறை அய்யன் மிஷினை நிறுத்தி, ரம்பத்தால் தோலில் வரி போடுவார். பாவாடை கட்டின வயசிலிருந்து நான் பார்த்தது அது.

சாயங்காலம் சொன்னேன்.

"ஏனுங்க, காடி வழுக்குதுங்க. அதான் உள்ள வளையம் நழுவுது. அந்த மாதிரிக் குண்டுல இருந்தாப்பல சொரசொரப்பா கீறிப் போடுங்க. எங்கய்யன் ஜின் உருளைக்கு வரி போடுவாரு, அதாட்ட."

"பீரங்கியும் பஞ்சு ஜின்னும் ஒண்ணா புள்ள?"

"வழுக்கறது எல்லாம் ஒண்ணுதானுங்க."

"உங்கய்யன் குண்டு சுட்டிருக்கறாரா?"

"இல்லீங்க. நீங்க சுட்டிருக்கறீங்க, ஒம்பது கவுந்துபோச்சு."

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் தொண்டைக்கு ஓய்வாக இருந்தது.

ஐந்தாம் நாள் சத்தியமங்கலத்தில் அவர் அக்கா வீட்டில் காது குத்து. எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி, அவரை மட்டும் பஸ்ஸேற்றி அனுப்பினேன். பிறகு நேராகப் பட்டறைக்கு நடந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் லேத்துகளுக்கு நடுவில் போய் நின்றேன். ஆட்கள் எல்லோரும் கை நிறுத்திப் பார்த்தார்கள்.

"மேஸ்திரி, ஒரு குண்டுக்கு மட்டும் காடியில சொரசொரப்புப் போட்டு வளையத்த மாட்டிக் குடுங்க," என்றேன்.

"அம்மா, மொதலாளி என்னைக் கொன்னுபோடுவாருங்க."

"உங்கள எதுக்குக் கொல்றாரு? மொதல்ல என்னையல்லோ கொல்லோணும்."

மேஸ்திரி சிரித்தார். "நானும் அன்னைக்கே சொன்னனுங்கம்மா. வரி வெட்டற நர்லிங் போட்டா நிக்கும்னு எனக்கும் தோணுச்சு."

"சொன்னது சரி. சொல்லிப்போட்டு எதுக்கு மெருகு போட்டீங்க?"

மேஸ்திரி லேத்துப் பக்கம் திரும்பினார். ஒரு மணி நேரத்தில் செய்து கொடுத்தார்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வந்து இறங்கினதும் நானே கூட்டிப் போனேன். வழியெல்லாம் காது குத்தில் பந்தி சரியில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். பட்டறையில் வைஸ் என்கிற இரும்புக் கிடுக்கி இரண்டு உண்டு. ஒன்றில் பழையபடி வளையம் மாட்டிய வழுவழுப்புக் குண்டு, இன்னொன்றில் சொரசொரப்புக் குண்டு, இரண்டையும் மேஸ்திரி கவ்வ வைத்திருந்தார். இவர் ஒரு நிமிசம் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேஸ்திரி கூரையைப் பார்த்தார்.

"பைப்பு ரெஞ்சு எடுங்க," என்றார் இவர்.

வழுவழுப்புக் குண்டின் வளையத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். கிறீச்சென்று சுற்றிக்கொண்டது. அடுத்ததைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரெஞ்சின் கைப்பிடியில் தொங்கினார். செம்பில் ரெஞ்சின் பல் பதிந்து பொடி உதிர்ந்ததே தவிர, வளையம் இருந்த இடத்தில் இருந்தது. மூச்சு வாங்க நின்றார். மண்ணெண்ணெயில் கை கழுவினார். அவ்வளவு நேரம் யாராவது கை கழுவி நான் பார்த்ததில்லை.

பிறகு மேஸ்திரியிடம் சொன்னார், "பன்னெண்டுக்கும் இப்பிடியே போட்டுருங்க. ஆனா நர்லிங் வரி வரியா அச்சாட்ட இருக்கோணும். கோணலாப் போட்டா ஊட்டுக்கு அனுப்பிப்போடுவேன்."

வீட்டுக்கு வந்து, "பசிக்குது, சோத்தப் போடு," என்றார். போட்டேன். அன்றைக்கு இலைக்கு எதிரே குண்டு இல்லை.

இந்தத் தடவை தெருவில் யாருக்கும் காட்டவில்லை. கற்பூரமும் கிடையாது. அவர்கள் ரயிலேறிப் போன எட்டு நாளும் நான் பம்புத் தோட்டக்காரர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தேன். இனி கவிழ்ந்தால் ஜின்னைச் சொன்ன பொம்பளையால் கவிழ்ந்தது என்று ஆகிவிடும்.

ஒன்பதாம் நாள் தபால்காரர் தந்தி கொண்டுவந்தார். படிக்கச் சொன்னேன். எல்லாம் நேராகப் போயிற்று, வருகிறேன் என்று இருந்தது. நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தபால்காரர் கெட்ட சேதி என்று நினைத்துத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஐந்தாறு வருசம் எங்கள் பட்டறை பயிற்சிக் குண்டு செய்தது. தோட்டக்காரர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வட்ட ஓட்டை விழுந்த அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். அது இன்னும் இருக்கிறது.

இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. போன மாசம் இஞ்சினீயர் காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் வந்து, அந்த அட்டை என்ன தாத்தா என்று கேட்டார்கள். தொண்ணூற்று இரண்டு வயது மனுசர், நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒருக்கா கெணத்துல குளிச்சுட்டு இருந்தேனுங். வாளிக் கயிறு கை நழுவுச்சு. அப்பப் பட்டுனு தோணுச்சு," என்று ஆரம்பித்தார். கிணறும் கிடையாது, வாளியும் கிடையாது. எங்கள் வீட்டில் அப்போதே குழாய்த் தண்ணீர். நான் அடுப்படியில் நின்று முழுக்கக் கேட்டேன். காப்பியில் சர்க்கரை போட மறந்துபோனேன். மறுநாள்தான் கடைக்கு ஆள் விட்டு இந்த நோட்டை வாங்கினேன்.

பேத்திக் கண்ணு, நீதான் இங்கிலீசுப் படிப்புப் படித்தாலும் தமிழ் நன்றாக வாசிக்கிறவள். என் எழுத்து எனக்கே மறுபடி விளங்க மாட்டேன் என்கிறது. முதலிலிருந்து ஒருக்கா படித்துக் காட்டு, எங்காவது விட்டிருந்தால் சொல்கிறேன். இங்கே வேண்டாம். கூடத்தில் உங்கள் தாத்தா நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள். இடது காதுப் பக்கம், வலது காது லேத்துச் சத்தத்தில் போய்விட்டது. நிறுத்தி நிதானமாக, கொஞ்சம் உரக்கவே படி.