பட்டை வைத்த போர்வை

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை. கம்பெனியில் வருஷா வருஷம் புது யூனிஃபார்ம் கொடுப்பார்கள். பழையதில் முட்டி கிழிந்திருக்குமே தவிர மற்ற துணியெல்லாம் தோல் மாதிரி கெட்டியாக இருக்கும். தூக்கிப் போட மனசு வராமல் பரண்மேல் சேர்த்து வைத்திருந்தேன். மாடியில் இருக்கும் என் ஓரகத்தி பிளவுஸ் தைப்பவர். அவரிடம் கோணிப்பை நிறைய வெட்டுத்துண்டுகள். இரண்டையும் ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்துவிடுவது என்று உட்கார்ந்தோம்.

நான் வெட்டினேன், அக்கா மெஷினில் ஓட்டினார். உள்ளே இரண்டு பழைய நூல் புடவை. மேலே மயில்கழுத்துப் பச்சை, குங்குமச் சிவப்பு, நடுநடுவே யூனிஃபார்ம் நீலம். சட்டைகளில் வெளிச்சம் பட்டால் பளிச்சென்று மின்னும் வெள்ளிப் பட்டை இருந்தது. பிரிக்கப் போனேன்.

"வுடு, பார்டர் மாதிரி நல்லாத்தான் கீது" என்றார் அக்கா.

முதல் தடவை துவைத்தது ஐப்பசி மழையில். சாயங்காலமாகியும் காயவில்லை. காம்பவுண்டு சுவரிலேயே விட்டுவிட்டோம். எங்கள் தெருவில் கம்பெனி வேன்கள் பறக்கும். சொல்லிப் பார்த்து அலுத்துப் போயிருந்தோம். அன்று இருட்டியதும் தெருமுனையில் திரும்பிய வேன் ஒன்று தானாகவே மெதுவானது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஓரமாக நிறுத்தி, தொங்கிக்கொண்டு வந்த இரண்டு பேரை உள்ளே திணித்துக்கொண்டு பதவிசாகப் போனார். அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் போலீஸ் தடுப்பு மாதிரியே இருந்ததாம்.

மறுநாள் போர்வை நன்றாகக் காய்ந்துவிட்டது. அக்கா அதன்மேல் ஒரு சொம்பு தண்ணீரைத் தெளித்து மறுபடியும் சுவரில் போட்டார்.

மூன்றாம் நாள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பைக் வெளிச்சம் தெருமுனையில் நின்றது, கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு நிதானமாக வந்தது. ஓட்டியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எப்போதும் டேங்க் மேல் கிடக்கும் ஹெல்மெட் தலையில் இருந்தது, வார்கூட மாட்டியிருந்தது. அதுவரை நைட் ஷிஃப்டில் இருந்த என் கணவருக்கு, எங்கள் கேட்டுக்கு எதிரில் வந்துதான் தன் சட்டை அடையாளம் தெரிந்தது.

"இன்னா அண்ணி இது?"

"போர்வ காயுது."

"மூணு நாளாவா?"

"மழக்காலம் இல்ல?"

அக்கா முகத்தில் துளி சிரிப்பில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். போலீஸுக்குப் பயந்து மாட்டிய ஹெல்மெட்டோடு நின்றுகொண்டு அவர் எவ்வளவுதான் திட்ட முடியும்?

சாப்பிடும்போது, யாராவது திடீரென்று பிரேக் போட்டு விழுந்து வைக்கப் போகிறார்கள் என்று கண்டித்தார். அதுவும் நியாயம்தான். மறுநாள் நான் போர்வையை எடுத்து மடித்து வைத்தேன். அன்று சாயங்காலமே வேன்கள் பழையபடி பறந்தன. எதிர்வீட்டு அம்மா, கோழி அடிபட்ட கோபத்தில் வந்து, அந்தப் போர்வையைத் தனக்கும் ஒன்று தைத்துத் தரச் சொன்னார். இவர் காது கேட்காதவர் மாதிரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு பெரிய பை. கூட வேலை செய்கிறவர்களின் பழைய சட்டைகள். "சும்மா தூக்கிப் போட்றானுங்க" என்று மட்டும் சொன்னார். பிரித்துப் பார்த்தோம். பட்டை இல்லாத சட்டை ஒன்றுகூட அதில் இல்லை.