ஃபஹ்மியாவின் இரண்டு கூட்டல்கள்

ஒரு வரி எழுதுவதற்கு முன் ஃபஹ்மியா இரண்டு வரிகளை அழிக்கிறாள். அழிக்கும்போது "போ" என்று மெல்லச் சொல்லிக்கொள்வாள். கதிரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தால்தான் அவளுக்கு வேலை ஓடும். காலையில் பாலாவிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிற்பகல் அஸர் தொழுத பிறகு 'காத்து'.

'காத்து' அவள் எட்டு வருஷத்துக்கு முன் எழுதிய செயலி. கடலில் காற்று எழும்பப் போகிறதென்றால் மீனவர்களின் ஃபோனுக்குச் செய்தி அனுப்பும். இலவசம். அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது; யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். மீன் விலை, அலை உயரம், தொழுகை நேரம் என்று பலர் புதிய வசதிகளை எழுதி அனுப்பினார்கள். யாருடைய முகத்தையும் முறிக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டாள்.

போன மே மாதம் அது வினையானது. செய்தி போகவேண்டிய ஊர்களின் பட்டியல் நிரலுக்குள் மூன்று இடங்களில் கிடந்தது. இரண்டைத் திருத்தியவள் மூன்றாவதை மறந்துவிட்டாள். மாம்புரிக்கு மட்டும் செய்தி போகவில்லை. அங்கே லத்தீப் என்பவரின் படகு கவிழ்ந்தது. வெறும் எண்ணெய்க் கேனைப் பிடித்து இரண்டு மணி நேரம் மிதந்தவரை வேறு படகுக்காரர்கள் தூக்கினார்கள். மறுநாளே ஃபஹ்மியா பஸ் ஏறிப் போய் அவர் முன்னால் நின்றாள். "வேற ஒண்டுமில்ல மாமா, என்ட பிழைதான்."

அதற்குப் பிறகு புதிதாக எதையும் அவள் சேர்க்கவில்லை; உள்ளே குவிந்துகிடந்த பழைய நிரலைத்தான் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். கொழும்பிலிருந்து உதவும் றிஸ்விக்கு அவள் 'தாத்தா', அதாவது அக்கா; ஃபோனில் கெஞ்சுவான்: "தாத்தா, பத்து மாசமாக் கூட்டித் துடைக்கிறீங்க. புதுசா ஒண்டும் இல்லாட்டி சனம் போயிடும்."

"போகட்டும். குப்பைக்கு மேல பாய் விரிக்கச் சொல்றியா?"

அவளைப் பற்றி எழுதுவதற்காக நான் அவள் வீட்டுக்குப் போயிருந்த அன்று லத்தீப் வந்தார். ஃபோனை மேசையில் வைத்தார்.

"மகள், இத பேச வெச்சுத் தா. எனக்கு வாசிக்கத் தெரியா."

"செய்யிறன் மாமா. மூணு மாசம் தாங்க, உள்ளுக்க இன்னும் கூட்டி முடியல்ல."

"மூணு மாசமெண்டா கடலப் பொரட்டுற கச்சான் காத்து தொடங்கிடுமே." ஃபோனை அவள் பக்கம் நகர்த்தினார். "வாசிச்சுச் சொல்ற மகன் கட்டாருக்குப் போய் ரெண்டு வருஷம். அண்டைக்கு ஒன்ட செய்தி வந்திருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது. அதையும் சொல்லத்தான் வந்த."

ஃபஹ்மியாவின் முகம் சிவந்தது. பத்து மாதமாகத் தனக்குள் சுமந்ததை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாதவள்போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் கூட்ட ஏலா, மாமா," என்றாள் கடைசியில். "செய்தி போற பாதைய மட்டும் இந்தக் கிழமைக்குள்ள கூட்டிடுறன். அந்தப் பாதைக்குள்ள குரல வைப்பம்."

"ஆர்ர குரல்?"

அவள் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். தன் ஃபோனை எடுத்து, ஒலிப்பதிவைத் தொடக்கி, அவருடைய வாய்க்கு அருகில் பிடித்தாள்.